ஆயில் குடிக்கும் பழைய இன்ஜின்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் பெட்ரோல் கார் 1,60,000 கி.மீ. தாண்டிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாமா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். சில நிறுவனங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்புதான் என்று கையேட்டிலேயே எழுதுகின்றன. என்னைக் கேட்டால் அது தாராளக் கணக்கு. இருந்தாலும் இன்ஜின் போய்விட்டது என்று முடிவுகட்டும் அளவும் இது இல்லை.

முதலில் அளவைச் சரியாக எடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இதே முறைதான். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, மட்டம் குறையாததுபோல் காட்டும். நெடுந்தூரம் போனதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிட, ஒரே பயணத்தில் ஆயில் காணாமல் போனதுபோல் இருக்கும்.

சொட்டு விழவில்லை என்பதால் கசிவே இல்லை என்றாகாது. இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வால்வு கவர் கேஸ்கெட்டில் கசிவது சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டு அங்கேயே எரிந்துவிடும். ஓடி நின்றதும் பானெட்டைத் திறந்தால் கருகல் வாடை வரும். ஸ்பார்க் பிளக் குழிகளுக்குள்ளும் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிசிவி வால்வு. பலரும் தாண்டிப்போவது இதைத்தான். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது இதன் வேலை. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்கள் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவி நேராக இன்டேக்குக்குப் போய் எரியும். டர்போ இல்லாத இன்ஜின் என்றால் ஒரு சின்னச் சோதனை: ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் மெல்லிய காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. காகிதத்தைப் பலமாகத் தூக்கினால் பிசிவி அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கலாம். முதலில் பிசிவியையும் அதன் ஹோஸையும் மாற்றிப் பாருங்கள். அதிகச் செலவில்லாத வேலை.

அப்புறம் புகை. நீலப் புகைதான் ஆயில் எரிவதற்கு அடையாளம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் இறுகிப்போயிருக்கிறது. பல இன்ஜின்களில் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைப் பிடித்துவைத்து அந்த சீலை மாற்றலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை வந்தால் ரிங். ஆனால் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஓரளவு புகையை மறைத்துவிடும். அதனால் புகையே இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் சரியாக வந்தும் ஆயில் குறைகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. அழுத்தத்தைப் பிடித்துவைப்பது மேல் இரண்டு ரிங்குகள். ஆயிலை வழிப்பது மூன்றாவது. அதன் வடிகால் துளைகளில் கரி படிந்தால் கம்ப்ரெஷன் நன்றாக இருந்தும் ஆயில் மேலே ஏறும். பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் ஊற்றி இரவு முழுக்க ஊறவைக்கும் முறை சில நேரம் பலன் தரும். பிளக்கை மாட்டுவதற்கு முன் இன்ஜினைச் சுழற்றி மிச்ச திரவத்தை வெளியேற்றிவிட்டு, ஆயிலையும் மாற்ற வேண்டும். இனி கரி சேராமலிருக்க, ஆயிலை நிறுவனம் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

கெட்டி ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவில் இருக்கும் எண்கள் கூடக் கூட ஆயில் கெட்டி. கையேடு அனுமதித்தால் 5W-30-இலிருந்து 5W-40-க்குப் போகலாம், கொஞ்சம் குறையும். 20W-50 வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் அது மேலே போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் கூடும். அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்று விற்கும் ஆயில், இறுகிய சீலை இளக்கிச் சிறு கசிவுக்கு உதவும். தேய்ந்த ரிங்கை ஒன்றும் செய்யாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையும் ஆயில் ஒரு லிட்டரைத் தொட்டு ஏறிக்கொண்டே போனால் பிரிக்கலாம். அப்போது சிலிண்டரின் தேய்மானத்தை அளந்து பார்க்காமல் ரிங்கை மட்டும் மாற்ற விடாதீர்கள். அதுவரை குறைந்தபட்சக் கோட்டைத் தொடும் முன்பே ஊற்றுங்கள், மேல்கோட்டைத் தாண்டாமல். அதிகமானால் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கி, பிசிவி வழியாக எரித்தே தீர்க்கும்.