முதல் பக்கத்தில் எழுதாதீர்கள்

கேள்வி: ஒவ்வொரு டிசம்பரிலும் ஆசையாக ஒரு பிளானர் வாங்குகிறேன். முதல் பக்கத்தில் வருட லட்சியங்களை வண்ணப் பேனாவில் எழுதுகிறேன். பிப்ரவரி முடிவதற்குள் எல்லாம் நின்றுவிடுகிறது. இந்த முறை மூன்று விஷயங்கள் நினைத்திருக்கிறேன்: பாட்டி கைப்பட எழுதி வைத்த 240 பக்க நினைவுக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது, நீச்சல் கற்பது, மாதம் இரண்டு புத்தகம் படிப்பது. பிளானரை எப்படி அமைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஓடும்?

பதில்: பிப்ரவரி வரை ஓட்டியிருக்கிறீர்களே! என் முதல் பிளானர் ஜனவரி 19-ஆம் தேதியோடு நின்றது. நானும் முதல் பக்கத்தில்தான் எழுதினேன், மொத்தம் 14 லட்சியங்கள். அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தது டிசம்பரில், எங்கோ குறித்து வைத்த ஒரு போன் நம்பரைத் தேடியபோது. தினமும் நாம் திறப்பது நடுப் பக்கங்களை. முதல் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்?

அதனால் லட்சியங்களை ஒரு கெட்டி அட்டையில் எழுதுங்கள். அதையே பக்க அடையாளமாகச் செருகி வையுங்கள். வாரம் மாறும்போது அட்டையும் நகரும், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். என்னுடையது ஒரு பழைய அழைப்பிதழின் பின்பக்கம். மூன்று வரிக்கு மேல் அதில் கொள்ளாது என்பதும் ஒரு வசதி.

அடுத்த வேலை கொஞ்சம் கசப்பானது. வருடம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் பக்கத்தை எடுத்து, லட்சியத்துக்கு நேரம் கிடைக்காத வாரங்களைப் பென்சிலால் அடிக்க ஆரம்பியுங்கள். நான் 22 வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள். பாடநூல் வேலை குவியும் எட்டு வாரம் வீட்டில் யார் பேசினாலும் காதில் விழாது. பிள்ளைகளின் பரீட்சைக்கு மூன்று, பயணத்துக்கு இரண்டு, காய்ச்சல் தலைவலிக்கு என்று இரண்டு. ஆக 15 வாரம் போனது. 52 என்று நினைத்த வருடத்தில் மிச்சம் 37. முதல் தடவை அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நான் சோம்பேறி என்று அதுவரை என்னையே திட்டிக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

உங்களுக்கும் 37 வாரம் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் ஏழு பக்கம் தட்டச்சு செய்தால் 35 வாரத்தில் பாட்டியின் குறிப்புகள் முடிந்துவிடும். இரண்டு வாரம் கையிருப்பு. 'குறிப்புகளை முடிப்பது' என்று எழுதினால் பார்க்கும்போதெல்லாம் பயமுறுத்தும். 'பக்கம் 43 முதல் 49 வரை' என்று எழுதினால் உட்கார்ந்துவிடலாம். ஆனால் முதலில் பத்துப் பக்கம் செய்து பாருங்கள். பழைய கையெழுத்து நாம் நினைக்கிற வேகத்துக்கு வராது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடமா, நாற்பது நிமிடமா என்று தெரிந்த பிறகு வாரக் கணக்கைப் போடுங்கள்.

நீச்சல் அப்படியல்ல, பக்கக் கணக்கில் அடங்காது. டாக்டரிடம் நேரம் வாங்கியதுபோல 'செவ்வாய், வியாழன், காலை 6.30' என்று அந்தந்த நாளில் எழுத வேண்டும். தொடர்ந்து எட்டு வாரம் காலியாக உள்ள இடத்தைப் பிடியுங்கள். தட்டச்சைத் தொடங்கும் அதே வாரத்தில் இதையும் தொடங்க வேண்டாம்.

புத்தகத்துக்கு? பிளானரில் இடமே தராதீர்கள். பின்னட்டையின் உட்பக்கத்தில் 24 கோடு போட்டு, படித்து முடித்ததும் பெயரை எழுதுங்கள், போதும். பிடித்துச் செய்கிற எதையும் வேலைப் பட்டியலில் சேர்த்தால் அதுவும் வேலையாகிவிடும்.

இன்னொன்று, வருடம் முழுவதையும் இப்போதே நிரப்பாதீர்கள். 13 வாரம் மட்டும். மூன்று மாதம் கழித்து எப்படி இருப்போம் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வாரப் பக்கத்திலும் மேலே ஒரு கோடு போட்டு, அட்டையிலிருந்து அந்த வாரத்துக்கான ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். கரண்ட் பில், பல் டாக்டர் எல்லாம் அதற்குக் கீழேதான். வாரக் கடைசியில் இருபது நிமிடம் ஒதுக்கினால் இது நடக்கும்.

முடியாத வேலையை அடுத்த வாரத்துக்குக் கையால் திரும்ப எழுதுங்கள். காகிதத்தின் பலமே இதுதான் என்பேன். செல்போன் செயலியில் அது தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும், நமக்கு உறைக்காது. ஒரே வரியை மூன்றாவது முறை எழுதும்போது கை கேட்கும்: 'இதை நிஜமாகவே செய்யப் போகிறாயா?' அப்போது ஒன்று பாதியாக வெட்டுங்கள், இல்லை அடித்துவிடுங்கள். வீணை கற்பது என்ற வரியை நான் அப்படித்தான் அடித்தேன். வருத்தம் இல்லை.

கேள்வி: அழகான பிளானர் கைக்கு வந்தால் எழுதவே மனம் வருவதில்லை. ஒரு அடித்தல் விழுந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடத் தோன்றுகிறது.

பதில்: அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை சொல்கிறார். வளர்த்துக்கொள்ள வேண்டிய 13 குணங்களைக் குறித்து, வாரத்துக்கு ஒன்றாகக் கவனித்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. சின்ன நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, தவறிய இடத்திலெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தார். அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பிறகு தந்தத் தகடுகள் கொண்ட குறிப்பேட்டுக்கு மாறி, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்தாராம்.

நீங்கள் தந்தத்துக்குப் போக வேண்டாம். பிளானர் வந்த அன்றே ஏதாவது ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே கிறுக்கிவிடுங்கள். நான் எப்போதும் கடைசிப் பக்கத்தில் எல்லாப் பேனாவையும் உரசிப் பார்ப்பேன். எந்த மை மறுபக்கம் ஊறுகிறது என்பதும் தெரிந்துவிடும், நோட்டு மீதிருக்கும் பயபக்தியும் போய்விடும்.

கேள்வி: நாளுக்கு ஒரு பக்கமா, வாரத்துக்கு இரண்டு பக்கமா? எந்த அளவு நல்லது?

பதில்: வருட லட்சியத்துக்கு என்றால் வாரம்தான். ஏழு நாளும் ஒன்றாகத் தெரிந்தால்தான் எங்கே இடம் இருக்கிறது என்று புரியும். அளவு ஏ5, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர். பையிலும் போகும், எழுதவும் இடம் இருக்கும். மைப்பேனா என்றால் தாள் 80 ஜிஎஸ்எம்மாவது (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் படிய வேண்டும். கையால் அழுத்திப் பிடித்தபடி எழுத வேண்டிய நோட்டை மார்ச்சுக்கு மேல் யாரும் தொட மாட்டார்கள்.

கேள்வி: 2015-ஆம் வருட டைரி ஒன்று எழுதாமலே கிடக்கிறது. குப்பையில் போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! 2015-இன் தேதியும் கிழமையும் 2026-க்கு அப்படியே பொருந்தும். இரண்டுமே வியாழக்கிழமையில் தொடங்கும் வருடங்கள். 2021 டைரி இருந்தால் 2027-க்கு ஆகும். லீப் வருட டைரி முழுதாகப் பொருந்த மட்டும் 28 வருடம் காத்திருக்க வேண்டும். அச்சடித்த விடுமுறை நாட்களை நம்பாதீர்கள், பல பண்டிகைகள் வருடத்துக்கு வருடம் தேதி மாறும். அட்டையில் இருக்கும் 2015-ஐ ஒரு காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.