வாடிக்கையாளரே சரக்கு

ஐயா,
முதுகலை சமூகவியல் படிக்கிறேன். கல்வியின் சந்தைமயமாக்கல் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பெற்றோர் நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் மோசமான பள்ளி திருந்தும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும். இதில் என்ன தவறு? புதிய வலதுசாரிகளும் செயல்பாட்டுவாதிகளும் ஒன்றா? அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்த சப், மோ இருவரின் ஆய்வை எப்படி விமர்சிப்பது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி போதும். கல்வியைச் சந்தையிடம் விடச் சொல்லும் புதிய வலதுசாரிகளும், கல்வி சமூகத்தைக் கட்டிக்காக்கிறது என்னும் செயல்பாட்டுவாதிகளும் போட்டியையும் பொது விழுமியங்களையும் போற்றுகிறார்கள். அரசு நடத்தும் பள்ளி உருப்படாது என்பது புதிய வலதுசாரிகள் மட்டும் சொல்வது. மூன்றாவதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் கேள்விக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "திருந்தும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும்" என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! மூடுவதற்கு முன் அந்தப் பள்ளி வருடக்கணக்கில் தேயும். அப்போதும் உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள். 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் தலைக்கணக்கில் வந்தது. 30 பேர் வகுப்பிலிருந்து 3 பேர் விலகினால் அந்த வகுப்பின் பேரில் வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆசிரியர் சம்பளமோ கூரை பழுதுபார்க்கும் செலவோ ஒரு காசும் குறையாது. முதலில் ஏதாவதொரு விருப்பப் பாடத்தை நிறுத்துவார்கள், அடுத்து துணை ஆசிரியரை. அதைப் பார்த்து இன்னும் 3 பேர் கிளம்புவார்கள்.

கிளம்புபவர் யார்? கார் இருப்பவர், சேர்க்கை விதிகளைப் படித்துப் புரிந்துகொள்பவர், தலைமையாசிரியரிடம் கூசாமல் பேசுபவர். சமூகவியலாளர்கள் கெவர்ட்ஸ், பால், போ மூவரும் 1995-இல் லண்டன் பெற்றோரை வைத்து எழுதியது இதைத்தான். இன்னொரு சமூகவியலாளர் ஃபிலிப் பிரவுன் 1990-இலேயே இதற்குப் 'பெற்றோராட்சி' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். இதெல்லாம் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும், நான் நீட்டவில்லை.

என் சண்டை வேறு இடத்தில். கடைக்காரருக்கு யார் சோப்பு வாங்கினாலும் சோப்பின் தரம் மாறாது. பள்ளியிலோ வாங்க வருபவரே சரக்கின் பகுதி. சேரும் பிள்ளைகளைப் பொறுத்தே தேர்வு முடிவு. அதனால் பள்ளிதான் வாடிக்கையாளரைப் பொறுக்க ஆரம்பிக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பாலாடைபோல் எடுத்துக்கொண்டு மற்றவர்களை வண்டல்போல் பக்கத்துப் பள்ளிக்குத் தள்ளுவது என்று ஆய்வாளர் பார்ட்லெட் சொன்னது இதை.

கணக்காகவே போடுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். 1992 முதல் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல் வெளியானது. அதில் எல்லார் கண்ணும், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வில் ('ஏ' மேல், 'ஜி' கீழ்) ஐந்து பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கியவர் விகிதத்தின் மேல். ஒரு பள்ளியில் 100 பேர். 40 பேர் தேறுவார்கள். 12 பேருக்கு நான்கு 'சி', ஒரு 'டி'. இந்த 12 பேரைத் தூக்கிவிட்டால் 40 என்பது 52 ஆகும். 'ஜி'யிலிருந்து 'இ'க்கு அரும்பாடுபட்டு ஏறிய பிள்ளையால் பட்டியலில் வரும் லாபம் பூஜ்யம். 'பி'யிலிருந்து 'ஏ'க்கு ஏறியவருக்கும் பூஜ்யம். அப்புறம் நல்ல கணித ஆசிரியரை எந்த வகுப்புக்கு அனுப்புவார்கள்? ஆய்வாளர்கள் கில்போர்னும் யூடெலும் 2000-இல் இதைப் போர்க்கள வைத்தியத்தோடு ஒப்பிட்டார்கள்: தானே பிழைப்பவர், கவனித்தால் பிழைப்பவர், கைவிடப்பட்டவர். கைவிடப்பட்டோரில் கறுப்பினப் பிள்ளைகளும் உழைக்கும் வர்க்கப் பிள்ளைகளும் அதிகம். 'திறமை இல்லை' என்ற முன்முடிவே அவர்களை அங்கே தள்ளியது. ஆசிரியர்களைத் திட்டி என்ன பயன்? அளவுகோல் கேட்டதை அவர்கள் செய்தார்கள்.

அளவுகோலை மாற்றினால் போதாதா என்பீர்கள். மாற்றினார்கள். 2016-இல் 'புரோகிரஸ் 8' வந்தது. பதினோரு வயதில் இருந்த நிலையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு முன்னேறியது என்று பார்த்தது. 'ஜி' பிள்ளைக்கும் மதிப்பு வந்தது, நல்லதுதான். ஆனால் பள்ளியின் மதிப்பெண் எல்லாப் பிள்ளைகளின் சராசரி என்பதால், அதைக் கீழே இழுக்கும் பிள்ளை பள்ளிக்குச் சுமை. இறுதி வகுப்பின் ஜனவரி கணக்கெடுப்பில் பதிவேட்டில் இல்லாதவர் முடிவில் சேரமாட்டார். அதற்கு முன் "வீட்டிலேயே படிக்க வையுங்களேன்" என்று பெற்றோரிடம் நயமாகப் பேசிப் பெயரை எடுக்கும் பழக்கத்துக்கு அங்கே தனிச்சொல்லே இருக்கிறது: ஆஃப்-ரோலிங்.

நீங்கள் படிப்பவர், அதனால் கொஞ்சம் கடிந்துகொண்டேன். 'தேர்வு' என்று எழுதும்போதெல்லாம் யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதே வழி. ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் மேலாகப் படிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் சப்பும் மோவும் 1990-இல் வாதிட்டார்கள். அந்தப் பள்ளிகள் யாரைச் சேர்த்துக்கொண்டன, யாரைத் திருப்பி அனுப்பின என்று கேட்டு எழுத ஆரம்பியுங்கள்.