குளிசைதானே, குடு இல்லையே!

மருந்துக்கடை அன்ரி பதில்கள்

கேள்வி: அன்ரி, நாங்கள் கொட்டாஞ்சேனை. தம்பிக்கு 20 வயது. ஏ.எல். முடித்துவிட்டு ஃபோன் கடையொன்றில் நிற்கிறான். போன கிழமை அவனுடைய டெனிமைத் தோய்க்க எடுத்தபோது பொக்கெட்டில் குளிசை அட்டைத் துண்டுகள் இருந்தன, இரண்டு விதம். ஒன்றில் பிரெகபாலின் என்று போட்டிருக்கிறது. மற்றதில் பெயர் இருந்த பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். கேட்டால், "டொக்டர் குடுக்கிற குளிசைதானே அக்கா, குடு (ஹெரோயின்) இல்லையே" என்கிறான். சனி இரவு வந்து படுத்தவன் ஞாயிறு மத்தியானம்வரை எழும்பவில்லை. ஒரு மாதிரியான குறட்டை வேறு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வெளியில் தெரிந்தால் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களா? மிச்சத்தைக் கொமட்டில் போட்டுவிடவா?
பெயர் வேண்டாம், கொழும்பு 13

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் குறட்டை. அது அலுப்பில் வரும் நித்திரை இல்லை. தண்ணீருக்குள் ஊதுவதுபோல் களகளவென்று கேட்டால், உலுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடினால், உதடும் நகமும் நீலம் பாய்ந்தால், அவனுக்கு மூச்சு அடங்கிக்கொண்டு வருகிறது. உடனே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தை விட்டுப் போகாதீர்கள். மூச்சே நின்றுவிட்டால் அதையும் ஃபோனில் சொல்லுங்கள், என்ன செய்யவேண்டும் என்பார்கள். தேசிக்காய்த் தண்ணீர், பிளேன்ரீ, பைப்படியில் தலையை நனைப்பது எதுவும் வேண்டாம். சத்தி எடுக்க வைக்கவும் கூடாது. அந்த அட்டைத் துண்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

துண்டு எதற்கு என்றால், டிரமடோல், கோடீன் போன்ற ஓபியம் வகை வலி மருந்துகளால் மூச்சு அடங்கினால் நலொக்சோன் என்ற மாற்று ஊசி இருக்கிறது. பிரெகபாலினுக்கும் நித்திரைக் குளிசைக்கும் அது வேலை செய்யாது. என்ன விழுங்கினான் என்று தெரியாமல் டொக்டர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். மானம் போகும் என்று அங்கே மறைக்காதீர்கள்.

தம்பி சொன்னது பாதி சரி. பிரெகபாலின் நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் எழுதுகிற நல்ல மருந்து. சீனி வருத்தத்தில் கால் எரிகிறது என்று வருகிற எத்தனையோ அம்மாமாருக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வில்லங்கம் கலப்பில்தான் இருக்கிறது. அதுவும், ஓபியம் வகை வலி மருந்தும், நித்திரைக் குளிசையும், சாராயமும் எல்லாமே மூளையில் மூச்சை நடத்தும் இடத்தை மந்தமாக்கும். இரண்டு மூன்று சேர்ந்தால் தனித்தனியே தாங்கிய உடம்பும் தாங்காது. அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓபியத்தையும் பென்சோ வகை நித்திரைக் குளிசையையும் சேர்ப்பதுபற்றி 2016இல் மருந்து விவரத்தாளில் பெட்டி கட்டி எச்சரித்தது, 2019இல் பிரெகபாலின் வகையையும் சொன்னது. அதே 2019இல் பிரித்தானியா பிரெகபாலினைக் கட்டுப்பாட்டு மருந்தாக்கியது. டிரமடோல் தனியாகவே சிலருக்கு வலிப்பு வரவைக்கும். பெடியங்கள் மாட்டுவது பெரும்பாலும் ஓரிடத்தில்: வயிற்றில் சோறு இருந்தால் குளிசை ஏற நேரம் எடுக்கும், "ஒன்றும் செய்யுதில்லை" என்று இன்னொன்றைப் போடுவார்கள், பிறகு எல்லாம் ஒன்றாய் ஏறும்.

நான் கவுண்டரில் நின்ற காலத்தில் ஒருநாள் உங்கள் தம்பி வயதுப் பெடியன் ஒருவன் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டினான். டொக்டரின் கையெழுத்து நீலப் பேனையில். 10 என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் இன்னொரு சைபர், கறுப்புப் பேனையில். "ஆருக்குத் தம்பி?" என்றேன். "அம்மம்மாவுக்கு." அம்மம்மாவின் வயதைக் கேட்டேன், துண்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த கடையில் கிடைத்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, பெடியனில் இல்லை, கொடுத்தவனில்.

கொமட்டில் போடாதீர்கள். கிழமைக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால், திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரலாம். டொக்டர்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர ஒளடதக் கட்டளைச் சட்டம் 1984 திருத்தத்தோடு கடுமையானது, 2022இல் ஐஸ் என்கிற போதைப்பொருளையும் உள்ளே எடுத்தார்கள். மரணதண்டனை ஏட்டில் இருக்கிறது, 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மருந்து விற்பவன் 2015ஆம் ஆண்டு மருந்து ஒழுங்குமுறைச் சட்டத்தில் மாட்டுவான். தம்பி தான் போடுவதோடு சிநேகிதனுக்கும் காசுக்குக் கொடுக்கிறானா என்பதை நேரே கேளுங்கள், அது வேறு கதை. கந்தக்காடு பயத்துக்கு: 2007ஆம் ஆண்டுச் சிகிச்சை, புனர்வாழ்வுச் சட்டத்தில் தானாகப் போகிற வழியும் இருக்கிறது, நீதவான் அனுப்புகிற வழியும் இருக்கிறது. புதுக்கடைக் கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் போய்விடுவது நல்லது. அபாயகர ஒளடதக் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. மனநலத்துக்கு 1926. அங்கொடை மனநல ஆஸ்பத்திரி என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள். இரவில் அவன் மூச்சைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

கேள்வி: மகனைப் பார்க்க டுபாய் போகிறேன். கால் எரிவுக்குப் பிரெகபாலின், முதுகு நோவுக்கு டிரமடோல். பெட்டியில் வைக்கலாமா?
வெள்ளவத்தை வாசகி

பதில்: இரண்டும் அங்கே கட்டுப்பாட்டு மருந்து. கோடீன் உள்ள இருமல் பாணியும் அப்படித்தான். அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் முன்கூட்டியே அனுமதி எடுங்கள், மகனே செய்து தருவார். டொக்டரின் கடிதம், துண்டு, கடை லேபிள் ஒட்டிய பெட்டி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இடம் மிச்சம் பிடிக்கக் குளிசைகளை வெட்டி ஒரு டப்பாவில் போடுகிற நம்முடைய பழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தருகிற பார்சலையும் வாங்கவேண்டாம், கருவாடு என்று சொன்னாலும்.