டைம் கிடைக்கலை சார்!

போன இதழில் நேரமில்லை, முடியவில்லை என்பதையெல்லாம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காடு முழுக்கக் கடிதம் போட்டிருக்கிறார்கள். (2019ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் இது வட ஆற்காடுதான்.) கடிதமும் என் பதிலுமாகப் படியுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஜெர்மனி பார்ட்டி, சாம்பிள் ரிப்போர்ட் பார்த்தாச்சா என்று மெயில் போட்டார். "ஐ டிட் நாட் கெட் டைம்" என்று பதில் எழுதினேன். இது இங்கிலீஷே இல்லை என்கிறார் மேனேஜர். உண்மையா ஐயா?

உங்கள் மேனேஜர் ஒரு பிடி கூடவே சொல்லிவிட்டார், தம்பி. "இஃப் யூ கெட் டைம்" என்று இங்கிலீஷ்காரர்களே சொல்வதுண்டு. ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது "ஐ டிடன்ட் ஹேவ் டைம்" என்பதுதான் அவர்கள் வாயில் வரும். நமக்கு எல்லாமே கிடைக்கிற சாமான். பஸ்ஸில் சீட்டும் கிடைக்கும், ரேஷனில் பாமாயிலும் கிடைக்கும், நேரமும் கிடைக்கும். அவர்கள் டைமை 'ஹேவ்' செய்வார்கள், 'ஃபைண்ட்' செய்வார்கள், வேறு வேலையை ஒதுக்கிவிட்டு 'மேக்' கூடச் செய்வார்கள். 2006ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் கணக்குப் பார்த்தபோது இங்கிலீஷில் அதிகம் புழங்கும் பெயர்ச்சொல்லே 'டைம்'தான் என்று தெரிந்தது. அவ்வளவு புழங்குகிற சொல்லோடு வேறு வினையை ஒட்டவைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

'கெட்'டை விட மனசில்லை என்றால் 'சான்ஸ்' போட்டுக்கொள்ளுங்கள். "ஐ டிடன்ட் கெட் எ சான்ஸ் டு லுக் அட் இட்" என்றால் வேலை நெருக்கியது, உங்கள் மேல் தப்பில்லை என்ற தொனி வந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது: "ஐ ஹேவன்ட் காட் ரவுண்ட் டு இட்." அமெரிக்கர் 'காட்டன் அரவுண்ட்' என்பார். இதில் ஒரு ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. செய்யணும் என்று இருந்தது, தள்ளித் தள்ளிப் போட்டேன் என்று பொருள். வீட்டில் ஒட்டடை அடிப்பதைப் பற்றிச் சொல்லலாம். காசு கொடுக்கிற பார்ட்டிக்கு எழுதாதீர்கள், உன் வேலை எனக்குக் கடைசி என்று சொன்னமாதிரி ஆகிவிடும். அதன் பின்னால் வினை வந்தால் 'இங்' சேரும்: "காட் ரவுண்ட் டு ரைட்டிங்." 'டு ரைட்' இல்லை.

இதில் ஒரு பழைய கிண்டலும் உண்டு. வட்டமான மரச்சில்லு ஒன்றில் TUIT என்று நாலு எழுத்து அச்சடித்து விற்பார்கள், 'டு இட்' என்று படிக்கணும். 'எ ரவுண்ட் டு இட்' கிடைத்ததும் செய்கிறேன் என்றுதானே இழுத்தாய், இந்தா வைத்துக்கொள், வேலையைப் பார்!

அப்புறம், பார்ட்டி உங்களிடம் "டிட் யூ கெட் எ சான்ஸ் டு லுக் அட் மை மெயில்?" என்று கேட்டால் அது குசலம் விசாரிப்பு இல்லை. ஏன் இன்னும் செய்யவில்லை என்பதற்குச் சட்டை மாட்டிவிட்ட கேள்வி. வெறும் 'நோ' போடாமல் எப்போது அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள்.

காட்பாடி ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி "டூ யூ ஹேவ் த டைம்?" என்றார். ஃப்ரீதான், சொல்லுங்கள் மேடம் என்றேன். விழித்தார்.

மணி என்ன என்று கேட்டிருக்கிறார். 'த' வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள், வராவிட்டால் உங்கள் ஓய்வைப் பாருங்கள்.

குடியாத்தம். "ஐ குட் கேட்ச் த டிரெயின்" என்று என் மகன் எழுதினால் தப்பாம், "ஐ குட் நாட் கேட்ச்" என்றால் சரியாம். இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது அம்மா. 'குட்' என்பது கடந்த காலத்துப் பொதுத் திறமை. எட்டு வயசிலேயே கிணற்றில் நீந்துவேன் என்பதற்கு "ஐ குட் ஸ்விம்" பொருந்தும். ஒரு நாள், ஒரு தடவை நடந்த வெற்றிக்கு அது போதாது. உங்கள் ஊரில் ஸ்டேஷன் டவுனை விட்டுத் தள்ளி இருக்கிறது. ஆட்டோ வராமல், யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு, படியில் கால் வைத்ததும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் நகர்ந்தது என்று வையுங்கள். அதற்கு "ஐ மேனேஜ்ட் டு கேட்ச் த டிரெயின்." பட்ட பாடு முழுக்க அந்த 'மேனேஜ்ட்'டில் இருக்கிறது. பாடு படாமல் பிடித்திருந்தால் "வாஸ் ஏபிள் டு", இல்லையென்றால் 'கேட்ச்'சின் இறந்தகாலமான வெறும் "காட்" (caught). தவறவிட்டதற்கு மட்டும் 'குட்ன்ட்' தாராளமாகப் போடலாம். கண், காது விஷயத்தில் விதிவிலக்கு: "ஐ குட் ஹியர் த டிரெயின்" சரிதான். மகனுக்கு மார்க் போனது போனதுதான்.

'டிரபிள்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா? ராணிப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன், பிள்ளைகள் கேட்டால் முழிக்கிறேன்.

இரண்டும் வரும், அர்த்தம்தான் வேறு. நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பிலும் தொப்பியிலும் முள். பறிக்கிறவர் கையில் குத்துகிறது, வேலை ஓடவில்லை: "ஷி ஹேட் டிரபிள் பிக்கிங் தெம்." இது தானாக வந்த கஷ்டம், அதனால் 'இங்.' வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், கடைத்தெருவில் கிடைக்கிற சாதாக் கத்திரிக்காய் வேண்டாம் என்று மெனக்கெட்டு இலவம்பாடிக் காய் தேடி வாங்கினார்: "ஷி டுக் த டிரபிள் டு ஃபைண்ட் தெம்." இது தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட சிரமம், அதனால் 'டு.' நம் 'மெனக்கெட்டு' இருக்கிறதே, அது கிட்டத்தட்ட இதேதான். மெனக்கெடல் இன்னும் பெரிசு என்றால் "வென்ட் அவுட் ஆஃப் ஹர் வே."

இதற்கு நேர் எதிர் 'பாதர்.' "ஹி டிடன்ட் ஈவன் பாதர் டு கால்" என்றால் ஒரு போன் பண்ணக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சம்பந்தி வீட்டுச் சண்டைக்கு ஏற்ற வாக்கியம். பிரிட்டிஷ்காரர் "ஐ குட்ன்ட் பி பாதர்ட்" என்பார். முடியாமல் இல்லை, யார் எழுந்து செய்வது என்ற சோம்பல் அது. என்னிடம் படித்த பையன் ஒருவன் இதை எங்கேயோ பொறுக்கிக்கொண்டு வந்து, ஹோம்வொர்க் எழுதாததற்குக் காரணமாக என்னிடமே சொன்னான். உண்மையைச் சொன்னவனை அடிக்கவும் மனசு வரவில்லை.

'சான்ஸ்', 'ஆப்பர்ச்சுனிட்டி' வித்தியாசம்?

இன்டர்வியூவுக்குப் போனால் ஆப்பர்ச்சுனிட்டி, மற்ற நேரமெல்லாம் சான்ஸ். மழை வருமா என்பதற்கு மட்டும் எப்போதும் "சான்ஸ் ஆஃப் ரெயின்"தான். மே மாதம் வேலூரில் அதுவும் இல்லை.

ஆற்காட்டில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தேன். முதலாளி உள்ளே யாரிடமோ என்னைப் பற்றி "ஐ ஹேவ் நோ டைம் ஃபார் ஹிம்" என்றது காதில் விழுந்தது. அவர் ஓய்வாக இருக்கும்போது மறுபடி போகட்டுமா?

போகாதீர்கள் தம்பி. இன்றைக்கு வேலை அதிகம் என்றால் "ஐ டோன்ட் ஹேவ் டைம் டு சீ ஹிம் டுடே" என்றிருப்பார். 'நோ டைம் ஃபார் ஹிம்' என்றால் பெரும்பாலும் அந்த ஆளையே பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். வேறு கடை பாருங்கள், பக்கத்து ராணிப்பேட்டையிலும் கேட்டுப் பாருங்கள்.