போர்த்தோவில் ஏற்றம் அல்ல, இறக்கம்தான் வம்பு

கேள்வி: செப்டம்பரில் போர்ச்சுகலின் போர்த்தோ நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்பொஸ்தெலா வரை, சுமார் 240 கி.மீ., திருப்பயணமாக நடக்கப்போகிறேன். வயது 57. பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. அதற்கு முன் இரண்டு நாள் போர்த்தோவை நடந்தே சுற்றிப் பார்க்க ஆசை. ‘அதுவே நல்ல வார்ம்-அப்’ என்கிறார் டிராவல் ஏஜென்ட். கால் முன்கூட்டியே சோர்ந்துவிடுமோ?

பதில்: தாராளமாக நடங்கள். ஆனால் படி இறங்காதீர்கள்.

போர்த்தோ, டோரு ஆற்றின் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். தெருவெல்லாம் கருங்கல் பாவியது; மழை பெய்தால் வழுக்கும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, பிரேக்கை மிதித்தபடி லாரியை மலையிலிருந்து இறக்குவதுபோல. அந்த வலி அன்றிரவு தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். அதாவது, ஊர் சுற்றிய வலி திருப்பயணத்தின் முதல் நாளில் வந்து நிற்கும். இதற்குப் பெயர் வார்ம்-அப்பா? உங்கள் ஏஜென்ட் நடக்கப்போவதில்லை, சொல்லிவிட்டார்.

முதல் நாள் மேட்டிலேயே இருங்கள். சே பேராலயம், பக்கத்தில் சாவ் பென்டோ ரயில் நிலையம் (சுவரில் ஏறத்தாழ 20,000 ஓவிய ஓடுகள், டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்), பிறகு 1886-இல் திறந்த டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளம். இவை ஏறக்குறைய அடுத்தடுத்தே உள்ளன. கீழே ரிபெய்ரா துறைக்குப் போக ஆசை வந்தால், பாலத்தருகே உள்ள கிந்தாய்ஸ் இழுவை ரயிலில் இறங்கி அதிலேயே ஏறுங்கள். கிளேரிகோஸ் கோபுரத்தைத் தெருவிலிருந்து பாருங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட படி, ஏறினால் இறங்கவும் வேண்டுமே! இரண்டாம் நாள் ஆற்றோரமாகக் கடல் வரை தட்டையான பாதை. திரும்ப டிராமோ பஸ்ஸோ. நடைப்பயிற்சி வேண்டுமென்றால் அதைப் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே வீட்டு மாடிப்படியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகுங்கள். அப்படிப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு வலிக்காது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். ‘இரண்டு நாளில் பதினான்கு இடம்’ என்று அட்டவணை தருகிறவர்கள் உங்கள் முட்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. யாத்திரைப் பாஸ்போர்ட்டை, அதாவது வழியெங்கும் முத்திரை வாங்கும் அட்டையை, ‘பேக்கேஜில் சேர்த்திருக்கிறோம்’ என்று ஆயிரக்கணக்கில் வாங்கினால் கொடுக்காதீர்கள்; சே பேராலயத்திலேயே சில யூரோவுக்குக் கிடைக்கும். நடந்து முடித்தவர்களுக்குச் சந்தியாகோவில் தரும் ‘கொம்பொஸ்தெலா’ சான்றிதழுக்குக் கட்டணமே கிடையாது. விசாவுக்காக எடுக்கும் இன்ஷூரன்ஸிலும் கவனம். விசாவுக்குத் தேவையான குறைந்தபட்சக் காப்பீடான 30,000 யூரோ என்ற எண்ணைக் காட்டி மலிவானதைத் தலையில் கட்டுவார்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய்க்கு அது என்ன தரும் என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ‘ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்’ கேட்டு டாக்டரான என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை. கையெழுத்து மட்டும் போதுமாம்!

உங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். சர்க்கரை இல்லாதவருக்குக் கொப்புளம் வந்தால் வலிக்கும், உட்கார்ந்துவிடுவார். உங்களுக்கு வலிக்காமலே போகலாம். இன்றிரவே கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் விரல் நுனியால் இரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் முனைகளை ஒவ்வொன்றாக ஓரிரு நொடி மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தவுடன் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாத உணர்வு குறைந்திருக்கலாம். தெரிந்தாலும் புது ஷூ வேண்டாம், ஒரு மாதமாவது போட்டு நடந்த ஷூதான். அதைப் போர்த்தோவிலும் மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை கழற்றி, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே கைவிட்டுக் கல், மடிப்பு இருக்கிறதா என்றும் தடவுங்கள். மாத்திரையும் இன்சுலினும் தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். அடுத்த ஊருக்குப் பையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையை ஏஜென்ட் விற்பார், வாங்கலாம். மருந்தை மட்டும் அதில் போடாதீர்கள்.

அந்தத் தொடுசோதனையில் இரண்டு விரல் தவறினால், டிக்கெட் போடுமுன் பாத சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எனக்கு இன்னொரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.