பழைய மோட்டல் அட்டைகளா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் இருக்கிறோம். போன மாதம் பக்கத்துத் தெருவில் நடந்த எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் பொருட்களை மொத்தமாக விற்றுக் காலி செய்வது) 40 டாலருக்கு ஒரு பெட்டி வாங்கினேன். மோட்டல், பெட்ரோல் பங்க், டைனர் (சாலையோரச் சாப்பாட்டுக்கடை) படம் போட்ட தபால் அட்டைகள் 300 இருக்கும், அவற்றில் சில கறுப்புத்தாள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கின்றன. கூடவே சின்னச் சின்ன கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒரு டப்பா ஸ்லைடுகள், ஆறேழு சாலை வரைபடங்கள், கொஞ்சம் தீப்பெட்டி அட்டைகள். எல்லாம் ஒரே குடும்பத்துடையவை போலிருக்கிறது. எந்த வருடத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிப் பாதுகாப்பது? விலை போகுமா? வீட்டுக்காரர் குப்பை என்கிறார்.

பதில்: குப்பையா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு வேண்டுகோள், தயவுசெய்து எதையும் இன்னும் வகை பிரிக்காதீர்கள். இந்த மாதிரிப் பெட்டி கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் மோட்டலெல்லாம் ஒரு பக்கம், மலையெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்குவதுதான். நானும் அப்படிச் செய்து ஒரு பெட்டியைக் கெடுத்திருக்கிறேன். ஒரே குடும்பத்தின் பெட்டி என்றால் அதில் இருப்பது சில பயணங்கள். எது எதோடு சேர்ந்து கிடந்தது, எந்த உறையில் இருந்தது என்பதெல்லாம் தகவல், ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. எனவே பெட்டியில் இருந்தபடியே அடுக்கடுக்காக போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுக்கு ஒரு எண் கொடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் அதை மட்டும் உடனே கழற்றிவிடலாம், காய்ந்து அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் வெட்டி எடுங்கள்.

சரி, வருடத்துக்கு வருவோம். படத்தைப் பார்த்து வருடம் சொல்ல முயலாதீர்கள். அட்டையைத் திருப்புங்கள்.

எழுதி அனுப்பிய அட்டையில் தபால் முத்திரை இருக்கும். அது மங்கலாக இருந்தால் தபால்தலையின் மதிப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் அட்டைக்கான கட்டணம் 1928இலிருந்து 1951 முடியும்வரை 1 சென்ட். 1952 ஜனவரி 1 முதல் 2 சென்ட், 1958 ஆகஸ்டில் 3, 1963 ஜனவரியில் 4, 1968 ஜனவரியில் 5. கையில் இருந்த தபால்தலையை ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு, அதனால் இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகவரியில் ஜிப் கோடு (நம் ஊர் பின்கோடு மாதிரி) இருந்தால் 1963 ஜூலைக்குப் பிறகு. ஓக்லஹோமாவைப் பழைய மாதிரி நீட்டிச் சுருக்காமல் 'ஓகே' என்று இரண்டே எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் அப்படித்தான், அந்த இரண்டெழுத்து முறை வந்ததும் அதே வருடம். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது 1943இல் வந்த அஞ்சல் மண்டல எண்.

ஆனால் முத்திரை சொல்வது அனுப்பிய தேதியை. அட்டை அச்சான தேதி வேறு, படம் எடுத்த தேதி அதற்கும் முன்னால். மோட்டல்காரர் ஆயிரக்கணக்கில் அச்சடித்து மேசை இழுப்பறையில் போட்டுவைத்து, தீரும்வரை பல வருடம் கொடுத்துக்கொண்டிருப்பார். 1957 முத்திரையோடு வந்த ஒரு அட்டையில் நிற்கிற கார்கள் எல்லாம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவையாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்து விரல் நுனியால் அட்டையின் படப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துணி நெசவு போல மெல்லிய சொரசொரப்பு தட்டுப்பட்டால் அது 'லினன்' அட்டை. பெயர்தான் லினன், துணி கிடையாது, அட்டையில் அந்த நெசவை அழுத்திப் பதித்திருப்பார்கள், மை சீக்கிரம் காயவும் கண்ணைப் பறிக்கிற நிறங்கள் நிற்கவும் அது உதவியது. 1930களின் தொடக்கத்திலிருந்து 1950களின் பாதிவரை இவைதான் ராஜா. வழுவழுவென்று பளபளப்பாக, வண்ணப் புகைப்படம் போலவே இருந்தால் 'குரோம்' அட்டை. 1939இல் யூனியன் ஆயில் நிறுவனம் மேற்கு மாநிலங்களில் இருந்த தன் பங்க்குகளில் வைத்ததிலிருந்து இவை தொடங்குகின்றன, போருக்குப் பிறகு லினனை மெல்ல ஓரங்கட்டிவிட்டன. மூன்றாவது வகை, புகைப்படத்தாளிலேயே நேரடியாகக் கழுவி எடுத்த அசல் புகைப்பட அட்டை. சந்தேகம் வந்தால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு, புள்ளியே இல்லாமல் நிறம் வழுக்கிக்கொண்டு போனால் அசல் புகைப்படம். அதன் பின்பக்கத் தபால்தலைக் கட்டத்தில் 'ஈகேசி' என்று இருந்தால் பெரும்பாலும் 1950க்கு முன், 'கோடக்' என்று இருந்தால் அதற்குப் பின்.

லினன் அட்டைகளில் 'கர்ட் டைக்' அல்லது 'சி.டி.' என்ற பெயரைத் தேடுங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த கர்ட் டைக் 1898இல் சிகாகோவில் தொடங்கிய அச்சகம், 1978வரை ஓடியது. சாலையோர மோட்டல் அட்டை என்றாலே பாதி அவர்கள் வேலையாக இருக்குமோ என்று தோன்றும் அளவுக்கு எங்கும் கிடைக்கும். இவர்கள் போட்ட எண்தான் நமக்கு வரப்பிரசாதம். அட்டையில் எங்காவது பொடி எழுத்தில் '5ஏ-எச்' என்று ஆரம்பிக்கிற எண் இருக்கும், ஏ, எச் இரண்டும் ஆங்கில எழுத்துகள். ஏ என்றால் 1930கள், பி என்றால் 1940கள், சி என்றால் 1950கள். முன்னால் இருக்கிற இலக்கம் அந்தப் பத்தாண்டின் வருடம். ஆக 5ஏ என்றால் 1935, 2பி என்றால் 1942. எச் என்பது லினன் வரிசை, அந்த இடத்தில் கே இருந்தால் அவர்களுடைய குரோம் வரிசை. இந்த நிறுவனத்தின் ஆவணங்கள் இப்போது சிகாகோ நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. பல அட்டைகளுக்கு முதலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும், கூரைக்கு என்ன நிறம், கதவுக்கு என்ன நிறம் என்று விற்பனையாள் எழுதிக் கொடுத்த குறிப்பும் அங்கே ஒரே கோப்பில் கிடக்கும்.

அந்தக் குறிப்புதான் விஷயமே. லினன் அட்டையை அந்த இடத்தின் புகைப்படம் என்று நம்பிவிடாதீர்கள். எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். மின்கம்பம், கம்பி, குப்பைத்தொட்டி, வழியில் போன ஆள் எல்லாவற்றையும் ஓவியர் மறைத்துவிடுவார். புல் முளைக்காத இடத்தில் புல்வெளி வரும். வெட்டவெளியில் இரண்டு மரம் நிற்கும். பகலில் எடுத்த படத்துக்கு நீலம் பூசி, ஜன்னல்களில் மஞ்சள் வைத்து, நிலா ஒன்றை ஏற்றி இரவாக்கிவிடுவார்கள். முதலாளி எப்படிப் பார்க்க ஆசைப்பட்டாரோ அப்படி இருக்கும் மோட்டல், நம் ஊர் ஸ்டூடியோவில் பின்னால் தாஜ்மகால் திரையைத் தொங்கவிட்டு எடுத்த கல்யாணப் படம் மாதிரி. அதனால் லினன் அட்டையில் காரின் மாடலை வைத்து வருடம் சொல்வது ஆபத்து. குரோமிலும் அசல் புகைப்படத்திலும் அது நன்றாக வேலை செய்யும், படத்தில் இருப்பதிலேயே புதிய கார் எதுவோ அந்த வருடத்துக்கு முன்னால் படம் எடுத்திருக்க முடியாது.

உங்கள் ஊர் வழியாகவே 66ஆம் எண் நெடுஞ்சாலை போனதால் இன்னும் சில தடயங்கள் கிடைக்கும். டல்சாவையும் ஓக்லஹோமா சிட்டியையும் இணைக்கும் டர்னர் டோல் சாலை 1953இல் திறந்தது. அட்டையில் அதைக் குறிப்பிட்டு வழி சொல்லியிருந்தால் அதற்குப் பின் அச்சானது. இன்டர்ஸ்டேட் 44 (மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளில் ஒன்று) என்று இருந்தால் இன்னும் பிந்தையது, இன்டர்ஸ்டேட் திட்டத்துக்கான சட்டமே 1956இல்தான் வந்தது. பக்கத்துக் கட்டூசாவில் சாலையோரம் நிற்கிற பெரிய நீலத் திமிங்கிலச் சிலை அட்டையில் இருக்கிறதா? அது கட்டி முடிந்தது 1972இல்.

படங்களும் ஸ்லைடுகளும். ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் 'கோடாக்ரோம்' என்று இருந்தால் நிம்மதியாக இருங்கள், இருட்டில் வைத்திருந்தால் அந்த நிறம் அறுபது எழுபது வருடம் கழித்தும் நேற்று எடுத்ததுபோல் நிற்கும். ஆனால் புரொஜெக்டரில் போட்டுப் போட்டுப் பார்த்தால் வெளுக்கும், ஆகவே ஆசைக்குக்கூட புரொஜெக்டர் வேண்டாம், நேரே ஸ்கேன் செய்யுங்கள். பழைய எக்டாக்ரோமும் வேறு சில படச்சுருள்களும் சிவந்துபோயிருக்கும், அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்தில் மாதமும் வருடமும் அச்சாகியிருந்தால் அது கழுவிய தேதி. கோடைப் பயணத்தில் பாதி எடுத்த சுருளைக் கிறிஸ்துமஸ் படங்களோடு முடித்துக் கழுவக் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். நெகட்டிவ் ஏதாவது இருந்து அதில் வினிகர் வாடை அடித்தால் அது சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கறுப்புத்தாள் ஆல்பம். முக்கோண மூலைகளில் செருகியிருந்தால் பிரச்சினையே இல்லை, மெல்ல வளைக்காமல் உருவிவிடலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால், பின்பக்கம் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விடுங்கள். அங்கங்கே பொட்டுப் பசை மட்டும் என்றால் மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை அடியில் நுழைத்து ரம்பம்போல் மெல்ல ஓட்டிப் பிரிக்கலாம். தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆரம்ப நாட்களில் நான் ஒரு அட்டையைத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். பசை விட்டது, அட்டையும் பிழைத்தது, ஆனால் பின்னால் மைப்பேனாவில் யாரோ அம்மாவுக்கு எழுதிய எட்டு வரியும் என் கண் முன்னாலேயே நீலமாகக் கரைந்து தட்டில் மிதந்தது. 'டியர் மதர்' மட்டும் பாதி மிச்சம். அசல் புகைப்படமாக இருந்தால் மேலே உள்ள ஜெலட்டின் ஊறி உப்பி அதுவும் போயிருக்கலாம்.

வைக்கும் இடம் என்று பார்த்தால் பரண், கராஜ், பேஸ்மென்ட் மூன்றும் கூடாது. ஓக்லஹோமா கோடையில் பரணுக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். படுக்கையறை அலமாரி போதும், ஈரப்பதம் 30இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. உறைகள் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். திறந்ததும் புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி, கடையிலேயே விட்டுவிடுங்கள். பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பமும் அப்படித்தான், நம் வீடுகளில் எத்தனை கல்யாணப் படங்கள் அதில் மாட்டிக்கொண்டு உரிக்க முடியாமல் கிடக்கின்றன. எழுத வேண்டுமானால் உறையின் மேல் எழுதுங்கள், அட்டையின் மேலேயே எழுதியாக வேண்டும் என்றால் மிருதுவான பென்சிலில், பின்பக்க ஓரத்தில். தீப்பெட்டி அட்டைகளில் குச்சி இருந்தால் தனியாக ஒரு தகரடப்பாவில் போட்டுவிடுங்கள். உரசும் பட்டை முன்பக்கம் இருந்தால் பெரும்பாலும் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தையவை.

விலை. நேராகச் சொல்கிறேன், பெரும்பாலான குரோம் மோட்டல் அட்டைகள் ஒன்றிரண்டு டாலருக்கு மேல் போகாது, நயாகரா, கிராண்ட் கேன்யன், சங்கிலி ஓட்டல்கள் அதுவும் போகாது. இபேயில் கேட்கிற விலையைப் பார்த்து மயங்காமல் விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைப்பவை சின்ன ஊர்களின் அசல் புகைப்பட அட்டைகள், இடித்துவிட்ட டைனர்கள், நியான் பலகை தெளிவாகத் தெரிபவை. எல்லாவற்றுக்கும் மேல், கறுப்பினத்தவர் நடத்திய மோட்டல்கள், சுற்றுலா விடுதிகளின் அட்டைகள். இனப்பாகுபாட்டுக் காலத்தில் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் கொண்டுவந்த 'கிரீன் புக்' வழிகாட்டியில் இடம்பெற்ற விடுதிப் பெயர் உங்கள் பெட்டியில் ஏதாவது இருந்தால் அதை விற்பதற்கு முன் ஒரு நூலகத்தையோ அருங்காட்சியகத்தையோ கேளுங்கள். டல்சாவின் கிரீன்வுட் பகுதி விடுதிகளும் அதில் உண்டு.

விற்பவர்கள் எழுதாத அட்டைக்குத்தான் மதிப்பு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னிடம் ஒரு மோட்டல் அட்டை இருக்கிறது, சாதாரண குரோம், ஒரு டாலர் பெட்டியில் எடுத்தது. இடமிருந்து நான்காவது கதவுக்கு மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. பின்னால், 'இதுதான் எங்கள் அறை, நீச்சல்குளத்தில் தண்ணீர் ஐஸ், ஜூனியருக்கு வயிறு சரியில்லை'. அழுக்கில்லாத நூறு அட்டைக்கு இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இனி மேற்கொண்டு சேர்க்கிற ஆசை வந்தால் ஒரு யோசனை. இந்தச் சாலையோர மோட்டல்களில் பெரும்பங்கு பின்னாளில் குஜராத்திகள் கைக்கு வந்தது. கலிபோர்னியா சான் பெர்னார்டினோவில் கூம்புக் கூம்பாகக் குடில் கட்டிய 'விக்வாம்' மோட்டலையும் 2003இல் ஒரு குஜராத்திக் குடும்பம்தான் வாங்கிச் சீர்செய்தது. அந்தக் கைமாற்றம் நடந்த 1970கள், 80களின் அட்டைகளும் கடிதத்தாள்களும் இன்னும் மலிவு, கூட்டமும் குறைவு. நம்மவர்கள் யாராவது சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கடைசியாக வரைபடங்கள். பங்க்குகளில் இலவசமாகக் கொடுத்தவை என்பதால் ஆறேழு வரைபடத்துக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் அவற்றைத்தான் நீங்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், மேசைமேல் விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து. பல குடும்பங்கள் போன வழியைப் பென்சிலால் கோடு போட்டு, இரவு தங்கிய ஊரைச் சுழித்து வைத்திருக்கும். அப்படி ஒரு கோடு கிடைத்தால் முத்திரைத் தேதிப்படி அட்டைகளை எடுத்து அந்தந்த ஊர்மேல் வையுங்கள், ஸ்லைடுகளையும் அடுத்து வையுங்கள். அதன் பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அந்தக் கோட்டை மட்டும் அழுக்கு என்று நினைத்து ரப்பரால் தேய்த்துவிடாதீர்கள்.