பேனலில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா?

உவரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கேபின் வைத்த பழைய மோட்டார் படகு வாங்கியிருக்கிறேன். ஸ்டியரிங் பக்கத்துப் பேனலில், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் ஃபியூஸ் மட்டும் அடிக்கடி போகிறது. 5 ஆம்பியரை எடுத்துவிட்டு 15 போடச் சொல்கிறார்கள். போடலாமா அண்ணாச்சி?"

வேண்டவே வேண்டாம் தம்பி. ஃபியூஸ் இருப்பது முதலில் வயரைக் காப்பாற்றத்தான். மெல்லிய வயரில் 15 ஆம்பியர் ஓடினாலும் அந்தப் பெரிய ஃபியூஸ் சும்மா இருக்கும். வயர்தான் சூடேறி உருகும். பேனலுக்குப் பின்னால் தீப்பிடித்தால் நடுக்கடலில் எங்கே ஓடுவீர்கள்? எத்தனை ஆம்பியர் போட வேண்டும் என்று பம்பின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அதையே போடுங்கள்.

சரி, ஏன் போகிறது? முதலில் பம்பைக் கழற்றிப் பாருங்கள். அறுந்த தூண்டில் நரம்போ பிளாஸ்டிக் துணுக்கோ உள்ளே சிக்கி விசிறி இறுகிவிட்டால், மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். விசிறி லேசாகச் சுற்றினால், அடுத்தது வயர் இணைப்பு. கூட்டப்புளியில் ஒரு படகில் கருப்பு டேப் சுற்றிய இணைப்பைப் பிரித்தேன். செம்பு பச்சைத் தூளாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீருக்கு டேப் ஒரு தடையே இல்லை. வெள்ளீயம் பூசிய வயர் வாங்கி, லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். பேனலைத் திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். 230 வோல்ட் பகுதியும் இருந்தால் அதை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

பேனலில் இருக்கும் வோல்ட் மீட்டரைத் தினமும் பாருங்கள். இன்ஜின் ஓடாமல், பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அன்றைக்குக் கடலுக்குப் போகாதீர்கள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி மெயின் சுவிட்சை மட்டும் ஆஃப் செய்துவிடாதீர்கள். ஆல்டர்னேட்டரின் டயோடு எரிந்துவிடும். உள்ளே வைத்த பெட்ரோல் இன்ஜின் என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் பிளோயரை 4 நிமிடமாவது ஓடவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். டீசலுக்கு இந்தப் பயம் இல்லை.

உங்கள் பம்புக்குத் திரும்பி வருகிறேன். தண்ணீர் ஏறியதும் மிதந்து எழுந்து பம்பை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்சின் வயர் மெயினைத் தொடாமல், தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். இரவில் மெயினை அணைத்துவிட்டு நீங்கள் வீட்டில் தூங்கும்போதுதானே படகில் தண்ணீர் ஏறும்? வேலை முடிந்ததும் மெயின் ஆஃபில் இருக்கும்போதே அடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஃப்ளோட் எழும்பியதும் பம்பு தானாக ஓட வேண்டும்.